சிவகாசி பட்டாசு பெயரில் போலி வெப்சைட்: பணம் போனால் சட்டம் என்ன செய்யும்? சைபர் சட்டம் பற்றி எளிய விளக்கம்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே செல்போனில் விளம்பரம் வரத் தொடங்கிவிடும். 'சிவகாசி ஃபேக்டரி விலை', '80 சதவீதம் தள்ளுபடி', 'வீட்டுக்கே டெலிவரி'. சரவெடி, புஸ்வாணம், தரைச்சக்கரம், கம்பி மத்தாப்பு என்று படத்தோடு விலைப்பட்டியலும் இருக்கும். பணத்தை ஜிபே பண்ணினால் போதும், பார்சல் வந்துவிடும் என்பார்கள். சிலருக்கு வரும். சிலருக்கு வராது. போன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப், வெப்சைட்டும் காணாமல் போயிருக்கும்.

இப்படி ஏமாந்தவர் முன்னால் மூன்று கேள்விகள் நிற்கும். போன பணம் திரும்ப வருமா? ஏமாற்றியவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பார்கள்? அந்த வெப்சைட்டில் கொடுத்த பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் சைபர் சட்டத்தில் இருக்கிறது. வக்கீல்களுக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைத்து நாம் ஒதுக்கி வைக்கும் சட்டம் இது. ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இன்று அவசியம் தெரிந்திருக்க வேண்டிய சட்டமும் இதுதான்.

மோசடி எப்படி நடக்கிறது?

2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு, ஆன்லைன் பட்டாசு மோசடி குறித்துப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. மோசடிக்காரர்கள் கையாளும் வழி பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

முதலில் யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வரும். அதில் உள்ள நம்பரைத் தொடர்பு கொண்டால் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்புவார்கள். லிங்க்கைத் திறந்தால் பார்ப்பதற்கு அசல் கடை மாதிரியே ஒரு வெப்சைட். பொருளைத் தேர்வு செய்து, பெயர், முகவரி, போன் நம்பர் கொடுத்துப் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பிறகு 'லாரியில் ஏற்றியாச்சு' என்று ஒரு மெசேஜ் வரலாம். சில நேரம் 'பார்சல் சார்ஜ் தனி', 'ஜிஎஸ்டி தனி' என்று இரண்டாவது முறையும் பணம் கேட்பார்கள். அதற்குப் பிறகு பேச்சே இருக்காது.

ஏன் சிவகாசி பெயர்?

நாட்டின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் சுற்றுவட்டாரத்தில்தான் நடக்கிறது என்பது பொதுவான கணக்கு. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில் தொடங்கியது இந்த ஊரின் தொழில் வரலாறு. தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் என மூன்றும் சேர்ந்து 'குட்டி ஜப்பான்' என்ற பெயரை வாங்கிக் கொடுத்தன.

நூறு வருஷ உழைப்பில் சம்பாதித்த இந்த நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர்கள் திருடுகிறார்கள். வட மாநிலம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு 'சிவகாசி' என்று பெயர் வைத்து வெப்சைட் தொடங்க அரை நாள் போதும். ஆகவே பாதிக்கப்படுவது வாங்குபவர் மட்டும் இல்லை. ஒழுங்காகக் கடை நடத்தும் சிவகாசி வியாபாரிக்கும் இதில் அடி விழுகிறது.

முதலில் ஒரு விஷயம்: ஆன்லைனில் பட்டாசு விற்கலாமா?

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே முக்கியம். அர்ஜுன் கோபால் வழக்கில் நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு, பட்டாசு வெடிக்க நேரக் கட்டுப்பாடு விதித்தது. பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் அனுமதி தந்தது. அதே தீர்ப்பில், ஃபிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட இ-காமர்ஸ் இணையதளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு ஆகும் என்றும் சொன்னது. உரிமம் பெற்ற வியாபாரிகள் வழியாகவே விற்பனை நடக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு.

இதனால்தான் சிவகாசி கடைகளின் வெப்சைட்டுகள் பலவற்றில் ஓர் அறிவிப்பைப் பார்க்கலாம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஆன்லைன் விற்பனை கிடையாது, தேவையான பொருளைத் தேர்வு செய்து விசாரணையாக அனுப்புங்கள், நாங்கள் போனில் கூப்பிடுகிறோம் என்ற பொருளில் அது இருக்கும். அதாவது வெப்சைட்டில் பணம் கட்டும் வசதி இருக்காது. எஸ்டிமேட் மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். மீதி எல்லாம் போனிலும் நேரிலும் முடியும்.

மோசடிக்காரர்களுக்கு வசதியாகிப் போனதும் இந்த இடம்தான். பெரிய இ-காமர்ஸ் தளத்தில் பொருள் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு முறை இருக்கும். வாட்ஸ்அப் பேச்சிலும் நேரடி யுபிஐ-யிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று. 'ஆன்லைனில் பட்டாசு வாங்கியதே தப்பு, புகார் கொடுத்தால் நம்மையே கேட்பார்களோ' என்று பயந்து பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இந்தப் பயம் தேவையில்லை. உச்ச நீதிமன்றத் தடை இ-காமர்ஸ் தளங்களுக்குப் போடப்பட்டது. ஏமாந்தவர்கள் உடனே புகார் கொடுக்க வேண்டும் என்று காவல்துறையே கேட்டுக்கொள்கிறது. பேசாமல் இருப்பது மோசடிக்காரருக்கு மட்டுமே லாபம்.

சைபர் சட்டம் என்றால் என்ன?

'சைபர் சட்டம்' என்று தனியாக ஒரே ஒரு புத்தகம் கிடையாது. நான்கைந்து சட்டங்கள் சேர்ந்ததைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

தாய்ச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000. அந்த ஆண்டு அக்டோபர் 17-ல் அமலுக்கு வந்தது. முதலில் இது மின்னணு ஆவணம், டிஜிட்டல் கையெழுத்து ஆகியவற்றுக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கத்தான் கொண்டுவரப்பட்டது. 2008-ல் பெரிய திருத்தம் செய்து, 2009 அக்டோபர் 27 முதல் அடையாளத் திருட்டு, ஆள்மாறாட்டம், அந்தரங்க மீறல் போன்ற குற்றங்களையும் சேர்த்தார்கள்.

இதோடு 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவுகள், சாட்சியத்துக்குப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம், தனிநபர் தரவுக்கு 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை சேர்கின்றன.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதல் தண்டனை என்று பாடப்புத்தகங்கள் குறிப்பிடும் வழக்கு நம்ம ஊரைச் சேர்ந்ததுதான். ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதிய வழக்கில், 2004 நவம்பர் 5-ல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் குற்றவாளிக்குத் தண்டனை விதித்தது. புகார் பதிவான சில மாதங்களிலேயே தீர்ப்பு வந்தது என்பதால் இன்றும் அந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

எந்தப் பிரிவு? என்ன தண்டனை?

பட்டாசு மோசடி மாதிரியான வழக்குகளில் பொதுவாக வரும் பிரிவுகள் இவை.

66சி: இன்னொருவரின் பாஸ்வேர்டு, மின்னணுக் கையெழுத்து போன்ற அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

66டி: கம்ப்யூட்டர், செல்போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. இதற்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலி 'சிவகாசி கடை' வெப்சைட்டுக்கு நேராகப் பொருந்தும் பிரிவு இதுதான்.

66இ: ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதம் இல்லாமல் எடுப்பது, பரப்புவது. 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதா 318(4): ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ கொடுக்க வைப்பது. 7 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் எல்லாரும் அறிந்த '420' இருந்த இடத்தில் இப்போது இருப்பது இதுதான்.

பாரதிய நியாய சன்ஹிதா 319(2): ஆள்மாறாட்ட மோசடி. 5 ஆண்டு வரை சிறை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ம் பிரிவுப்படி, அந்தச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். ஆனால் 'இது எங்க எல்லை இல்லை' என்று சொல்லிப் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவு சொல்கிறது.

ஒரு சிறு குறிப்பு. 'ஃபேஸ்புக்கில் திட்டினால் 66ஏ-வில் உள்ளே போடுவார்கள்' என்று இன்றும் சிலர் மிரட்டுவது உண்டு. அந்த 66ஏ பிரிவே இப்போது இல்லை. கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

பணம் போய்விட்டதா? உடனே 1930

மோசடி என்று தெரிந்ததும் முதல் வேலை 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? நாம் அனுப்பிய பணம் ஒரே அக்கவுண்ட்டில் தங்காது. சில நிமிடங்களில் அங்கிருந்து நாலைந்து அக்கவுண்ட்டுக்குப் பிரிந்து, கடைசியில் ஏடிஎம் வழியாகப் பணமாக எடுக்கப்பட்டுவிடும். 1930-ல் புகார் பதிவானதும், பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகும். அந்த நேரத்தில் அக்கவுண்ட்டில் மீதி இருக்கும் தொகையை வங்கி முடக்கி வைக்கும். எடுத்துவிட்ட பணத்தை முடக்க வழியில்லை. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்கிறது காவல்துறை.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பணம் போன தேதியும் நேரமும், தொகை, யுபிஐ பரிவர்த்தனை எண், எந்த யுபிஐ ஐடி அல்லது அக்கவுண்ட்டுக்குப் போனது, மோசடிக்காரரின் போன் நம்பர், வெப்சைட் முகவரி.

பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்ய வேண்டும். முகவரி, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். நேரில் போக விரும்புபவர்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போகலாம். விருதுநகர் உட்பட எல்லா மாவட்டங்களிலும் இவை செயல்படுகின்றன.

முடக்கிய பணம் கைக்கு எப்படி வரும்?

பலருக்கும் குழப்பம் வரும் இடம் இது. 'பணம் ஹோல்டு ஆகியிருக்கு' என்று மெசேஜ் வந்தால், மறுநாளே அக்கவுண்ட்டில் ஏறிவிடும் என்று காத்திருப்பார்கள். அப்படி நடக்காது. முடக்கப்பட்ட பணத்தை உரியவரிடம் ஒப்படைக்கப் பல நேரங்களில் நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். அப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ம் பிரிவில் மனு போட வேண்டும். விசாரணை அதிகாரியிடம் கேட்டால் புகார் எண், வழக்கு விவரம் கிடைக்கும். அதை வைத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

வங்கிக்குப் பொறுப்பு இல்லையா? 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் தவறு இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், வெளியார் ஊடுருவிப் பணம் எடுத்திருந்தால், 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தகவல் சொன்ன வாடிக்கையாளருக்கு இழப்பு கிடையாது. வங்கியே தவறு செய்திருந்தால் எப்போதும் வங்கிதான் பொறுப்பு.

ஆனால் இங்கே ஒரு கொக்கி இருக்கிறது. நாமே ஓடிபி சொல்லியிருந்தால், தகவல் கொடுக்கும் வரையிலான இழப்பு நம்முடையதுதான். பட்டாசு மோசடியில் பெரும்பாலும் நாமே பின் நம்பர் போட்டுப் பணம் அனுப்புகிறோம். சட்டத்தின் பார்வையில் அது நாம் அனுமதித்த பரிவர்த்தனை. எனவே இந்தச் சுற்றறிக்கையை நம்பி வங்கியிடம் பணம் கேட்பது கஷ்டம். 1930-ம் காவல்துறை புகாரும்தான் வழி.

தூத்துக்குடி அக்கவுண்ட் வழக்கு சொல்லும் பாடம்

வங்கியின் அலட்சியம் நிரூபணமானால் கதை வேறு. தூத்துக்குடியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் அக்கவுண்ட் வைத்திருந்த ஒருவர் அபுதாபியில் வேலை பார்த்து வந்தார். வங்கி அனுப்பியது போலவே வந்த போலி இமெயிலை நம்பி விவரங்களைக் கொடுத்தார். 2007-ல் அவர் அக்கவுண்ட்டிலிருந்து பல லட்சம் ரூபாய் எடுக்கப்பட்டது. வங்கி 'உங்க தப்பு' என்றது.

அவர் போலீஸோடு நிற்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ம் பிரிவின் கீழ் உள்ள தீர்ப்பு அதிகாரியிடம் இழப்பீடு கேட்டார். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருக்கு உரியது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, வங்கி போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யவில்லை என்று சொல்லி, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்ப்பு அதிகாரி விசாரிக்கலாம். சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்கள் அவருக்கும் உண்டு. இப்படி ஒரு கதவு இருப்பதே பலருக்குத் தெரியாது. கிரிமினல் புகார் குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தரும். இழப்பீடு வேண்டுமென்றால் இந்தக் கதவைத் தட்ட வேண்டும்.

கொடுத்த நம்பரும் முகவரியும்: தனியுரிமை எங்கே?

போலி வெப்சைட்டில் 3,000 ரூபாய் போனது ஒரு இழப்பு. அதோடு பெயர், வீட்டு முகவரி, செல்போன் நம்பர், சில நேரம் ஆதார் நகல் கூட கைமாறிவிடுகிறது. பணம் போனது ஒரு தடவைதான். நம்பர் கைமாறினால் அடுத்த மோசடி அழைப்பும் அதே நம்பருக்கே வரும். 'உங்க பட்டாசு பணத்தை ரீஃபண்ட் பண்றோம், இந்த ஏபிகே ஃபைலை இன்ஸ்டால் பண்ணுங்க' என்று கூப்பிட்டால், நிஜமாகவே பணம் இழந்தவர் நம்பத்தானே செய்வார்?

தனியுரிமை என்பது வசதி படைத்தவர்களின் கவலை இல்லை. 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: தனியுரிமை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்த அடிப்படை உரிமை.

அதைத் தொடர்ந்து வந்ததுதான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2027 மே மாதத்தில் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்.

இந்தச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தானா? இல்லை. போன வருஷம் பட்டாசு வாங்கியவர்களின் நம்பரை கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, இந்த வருஷம் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பும் கடைக்காரரும் இதற்குள் வருவார். எதற்காக நம்பர் வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சம்மதம் வாங்க வேண்டும். வாடிக்கையாளர் 'என் நம்பரை எடுத்துடுங்க' என்றால் நீக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழில் கேட்பது நம் உரிமை.

தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. தரவைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. தனிநபருக்கு இதனால் ஒரு வழி அடைபடுகிறது என்ற விமர்சனத்துக்குக் காரணம் இதுதான்.

உங்க கடை பெயரில் போலி வெப்சைட் வந்தால்?

சிவகாசி வியாபாரிகள் சந்திக்கும் சிக்கல் இது. கடைப் பெயர், லோகோ, உரிம எண், கடை வாசலில் எடுத்த போட்டோ வரை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஏமாந்தவர் திட்டுவது அசல் கடைக்காரரைத்தான்.

இதற்குச் செய்ய வேண்டியவை:

ஒன்று, போலி வெப்சைட், விளம்பரம், யுபிஐ ஐடி எல்லாவற்றையும் முகவரி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்து, சைபர் குற்றக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

இரண்டு, விளம்பரம் வந்த சமூக வலைதளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்ப வேண்டும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் இப்படி ஓர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். நீதிமன்ற உத்தரவோ, அரசின் முறையான அறிவிப்போ வந்த பிறகும் சட்டவிரோதப் பதிவை நீக்காத தளம், 79-ம் பிரிவு தரும் சட்டப் பாதுகாப்பை இழக்கும்.

மூன்று, கடைப் பெயரையும் லோகோவையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்து வைத்திருந்தால், வழக்கு போடுவது சுலபம்.

நான்கு, தீபாவளி சீசன் தொடங்கும்போதே 'எங்கள் அசல் வெப்சைட், போன் நம்பர் இவை மட்டுமே' என்று கடையிலும் சமூக வலைதளத்திலும் அறிவிக்கலாம். செலவில்லாத வழி இது.

அக்கவுண்ட்டை வாடகைக்குக் கொடுத்தால் நீங்களும் குற்றவாளி

மோசடிப் பணம் ஏறுவது பெரும்பாலும் மோசடிக்காரரின் சொந்த அக்கவுண்ட்டில் அல்ல. யாரோ ஒரு கல்லூரி மாணவர், தினக்கூலித் தொழிலாளி, வேலை தேடும் இளைஞர் பெயரில் உள்ள அக்கவுண்ட்டில்தான். 'உன் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கொடு, மாசம் கொஞ்சம் காசு தர்றோம்' என்று வாங்கிவிடுவார்கள். இதை 'ம்யூல் அக்கவுண்ட்' என்கிறார்கள். பொதி சுமக்கும் கோவேறு கழுதை மாதிரி, யாருடைய பணத்தையோ சுமக்கும் அக்கவுண்ட்.

போலீஸ் விசாரணையில் முதலில் வருவது இந்தப் பெயர்தான். எங்கோ ஒரு மாநிலத்தில் பதிவான புகாருக்காக இங்குள்ள இளைஞரின் அக்கவுண்ட் முடக்கப்படும், சம்மன் வரும், கைதும் ஆகலாம். 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்' என்றால் வழக்கு தானாக முடிந்துவிடாது. தன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

ஆதாரத்தை அழிக்காதீர்கள்

கோபத்தில் வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிட்டு, நம்பரை பிளாக் பண்ணிவிட்டுப் பிறகு காவல் நிலையம் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ம் பிரிவுப்படி சான்றிதழ் தேவை. எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, எப்படி எடுத்தது என்பதை அது சொல்லும். அதனால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, அசல் மெசேஜ் இருக்கும் போனும் முக்கியம். போனை ரீசெட் செய்வது, விற்பது எல்லாம் வழக்கு முடியும் வரை வேண்டாம்.

சைபர் சட்டம் படிக்க ஆசையா?

இந்தத் துறையில் ஆள் தேவை அதிகமாகி வருகிறது. வங்கி, ஐடி நிறுவனம், காவல்துறை, தடயவியல், வக்கீல் தொழில் என வாய்ப்புகள் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் 5 ஆண்டு சட்டப்படிப்பிலும், ஏதேனும் ஒரு டிகிரி முடித்தவர்கள் 3 ஆண்டு எல்எல்பி-யிலும் சேரலாம். விருதுநகர் மாவட்ட மாணவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவை மதுரை, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிகள். இவை தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அகில இந்திய பார் தேர்விலும் சைபர் சட்டத்திலிருந்து கேள்வி வரும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இக்னோவில் சைபர் சட்ட முதுநிலைச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, ஹைதராபாத் நல்சார் ஆகியவை தொலைதூர முறையில் முதுநிலை டிப்ளமோ நடத்துகின்றன. சட்டம் வேண்டாம், தொழில்நுட்பப் பக்கம் போகலாம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியல் படிப்பும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறையும் உள்ளன. கணினி அறிவியல் படித்தவர்தான் சைபர் சட்டம் படிக்க முடியும் என்ற கட்டாயம் இல்லை. கலை, வணிகவியல் படித்தவர்களும் படிக்கலாம்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

கடையின் பட்டாசு விற்பனை உரிமம், ஜிஎஸ்டி எண் கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் கடைப் பெயர் வரும். பெயர் மாறினால் விட்டுவிடுங்கள்.

பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் பெயரைப் பாருங்கள். கடைப் பெயர் ஒன்று, யுபிஐ-யில் வரும் பெயர் வேறொன்று என்றால் நிறுத்துங்கள்.

வெப்சைட்டிலேயே பணம் கட்டச் சொல்கிறதா? உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கும்போது இப்படிச் செய்வதே எச்சரிக்கை மணி.

'வீட்டுக்கு கூரியரில் வரும்' என்றால் நம்பாதீர்கள். பட்டாசு வெடிபொருள். அதைத் தபாலில் அனுப்பத் தடை உள்ளது.

ஆதார், பான் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள். தெரியாத ஏபிகே ஃபைலை இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

முடிந்தவரை உங்கள் ஊரில் உள்ள உரிமம் பெற்ற கடையிலோ, கூட்டுறவுப் பண்டகசாலையிலோ நேரில் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்தால், வெட்கப்பட எதுவும் இல்லை. வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும், பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்குப் போகிறது. போனை எடுத்து 1930-ஐ அழுத்துங்கள். தீபாவளி சீட்டு கட்டிச் சேர்த்த காசாக இருந்தாலும் சரி, மூவாயிரம் ரூபாயாக இருந்தாலும் சரி, தொகை சின்னது என்பதால் அது குற்றம் இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.